கடைசியில் இருப்பவர்

மார்ச் 3

சுண்டு,

கையெழுத்தைப் பார்த்ததும் உறையைக் கிழித்துப் போட்டுவிடாதே. என் எண்ணைத் தடுத்துவிட்டாய். அலுவலக எண்ணையும் தடுத்துவிட்டாய். மின்னஞ்சல் கிணற்றில் போட்ட கல்லாகக் கிடக்கிறது. தபாலைத் தடுக்க மட்டும் இன்னும் யாரும் பொத்தான் கண்டுபிடிக்கவில்லை, அதனால் எழுதுகிறேன்.

அப்பா போய் இன்றோடு எட்டு வாரம். அதைப் பற்றி எழுத உட்காரவில்லை. அதைப் பேச எனக்கு யோக்கியதை இல்லை என்று நீ வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனாய். இது வேறு விஷயம். நீ செய்துகொடுத்த கம்ப்யூட்டர் ஷீட் ஆட்களை விழுங்குகிறது.

போன வருஷம் விடுமுறைக்கு வந்தபோது, டயாலிசிஸ் மையத்தில் என் மேஜையில் இரண்டு நாள் உட்கார்ந்து செய்துகொடுத்தாயே, அதேதான். இப்போதும் அதை வைத்துத்தான் ஓட்டுகிறேன். முதல் தாளில் புது நோயாளியின் பெயரைக் கீழே சேர்ப்பேன். இரண்டாம் தாள் தானாக நீண்டு வண்டிப் பட்டியலைத் தரும். சாயங்காலம் பிரிண்ட் எடுத்து டிரைவரின் பலகையில் மாட்டிவிட்டு வீட்டுக்குப் போவேன். அவர் காலையில் ஐந்தரைக்குக் கிளம்பி ஒவ்வொரு வாசலாக நிறுத்தி ஏற்றி வருவார். பட்டியலில் இல்லாத வாசலில் வண்டி நிற்காது.

பிப்ரவரி இருபதாம் தேதி ஒரு தையற்காரர் புதிதாகச் சேர்ந்தார். அறுபது வயசு, தனி ஆள், காது மந்தம். நானே பெயரைச் சேர்த்தேன். இருபத்து நான்காம் தேதி முதல் வண்டி. அன்றைக்கு அவரை ஏற்றவில்லை. இருபத்தாறாம் தேதியும் ஏற்றவில்லை. இரண்டு நாளும் ஐந்து மணியிலிருந்து மதியம் வரை, துண்டும் போர்வையும் வைத்த பையை மடியில் வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்திருக்கிறார். பக்கத்து வீட்டம்மா கேட்டதற்கு, "நான் புதுசும்மா. என் பேரு கடைசியிலதான் இருக்கும். மெதுவாத்தான் வருவாங்க"ன்னு சொன்னாராம்.

இருபத்தேழாம் தேதி அந்த அம்மாதான் அவரைத் தரையில் கிடக்கப் பார்த்தாள். இப்போது ஐ.சி.யூ.வில் இருக்கிறார்.

டிரைவர் என்னிடம் பட்டியலைக் கொண்டுவந்து நீட்டினார். "பாருங்கம்மா, பேரே இல்ல. நான் என்ன ஜோசியமா பாக்க முடியும்?" இல்லைதான். கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்தால் முதல் தாளில் பெயர் இருக்கிறது! இருபத்தெட்டாம் தேதி ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவரை அவருக்குக் கீழே சேர்த்தேன். உடனே வண்டிப் பட்டியலில் தையற்காரர் வந்துவிட்டார், டீச்சர் காணாமல் போய்விட்டார். டீச்சர் போன் போட்டு, வகுப்பில் நிற்கவைத்துத் திட்டுவது போலத் திட்டியதால் தப்பித்தார்.

நிர்வாகி, நான் பெயரை அழித்துவிட்டு மறுபடி சேர்த்துக் கதை கட்டுகிறேன் என்கிறார். இந்த மாதம் இருபத்தொன்பதாம் தேதி விசாரணை. சுண்டு, எனக்கு வேலை போவது பெரிதில்லை. நான் அழிக்கவில்லை என்று என்னாலேயே சத்தியம் பண்ண முடியவில்லை. இந்த எட்டு வாரமாக அடுப்பை அணைத்தேனா, கதவைப் பூட்டினேனா, எதுவும் எனக்கு நினைவில் நிற்பதில்லை. அந்த மனிதரை விட்டது என் கையா, இல்லையா? அது மட்டும் எனக்குத் தெரிய வேண்டும். இரண்டாம் தாள் பூட்டியிருக்கிறது. பாஸ்வேர்டு உன்னிடம்தான் இருக்கிறது.

அக்கா


மார்ச் 7

அக்காவுக்கு,

உறையைக் கிழிக்கவில்லை. பிரித்தேன்.

போனில் பேச மாட்டேன். குரலைக் கேட்டால் நீ அழுவாய், நான் விட்டுக்கொடுத்துவிடுவேன். இந்தத் தடவை விட்டுக்கொடுப்பதாக இல்லை. அப்பா போனதை நான் எப்படித் தெரிந்துகொண்டேன் என்று உனக்குத் தெரியும். லிஃப்ட் உதிரிபாகக் கிடங்கில் கப்பிகளை எண்ணிக்கொண்டிருந்தேன். நம் சித்தப்பா மகன், மூன்று வருஷமாக என்னோடு பேசாதவன், 'ஆழ்ந்த இரங்கல்' என்று ஒரு படம் அனுப்பினான். யாருக்கு என்று நான் அவனிடம் திருப்பிக் கேட்டேன். அக்கா, அதைக் கேட்டேன்.

சரி. ஷீட்.

ஷீட் யாரையும் விழுங்காது. சொன்னதைத்தான் செய்யும். மனிதர்கள்தான் சொல்லாததைச் செய்வார்கள், சொல்ல வேண்டியதைச் சொல்ல மாட்டார்கள்.

பாஸ்வேர்டு தர மாட்டேன். கோபத்தில் சொல்லவில்லை. பதற்றத்தில் நீ உள்ளே கை வைத்தால் இருப்பதும் போகும். மிக்ஸியைப் பிரித்து மாட்டிய கை அது, மூன்று ஸ்க்ரூ இன்னும் அலமாரி டப்பாவில் இருக்கிறது.

நீ செய்ய வேண்டியது: பதிவேட்டை எடுத்து, தினமும் பிரிண்டோடு ஒவ்வொரு பெயராக ஒப்பிடு. விடுபட்டவரைக் கையால் எழுதிச் சேர். டிரைவரையும் ஒரு தடவை சரிபார்க்கச் சொல். காரணம் தெரியும்வரை இதை ஒரு நாளும் விடாதே. அடுத்து, முதல் தாளில் இருக்கும் பெயர்களை மேலிருந்து கீழ்வரை, இருக்கிற வரிசை மாறாமல் ஒரு தாளில் எழுதி அனுப்பு. கம்ப்யூட்டர் கோப்பை அனுப்பாதே. நோயாளிகள் விவரம் வெளியே போனால் அதற்கும் உன்னையே பிடிப்பார்கள். பெயர்கூட வேண்டாம், என்ன தொழில் என்று எழுதினால் போதும்.

தையற்காரருக்கு எப்படி இருக்கிறது என்றும் எழுது.

சுண்டு


மார்ச் 12

சுண்டு,

நீ சொன்னபடி தினமும் ஒப்பிடுகிறேன். ஒரு தடவை போதவில்லை. மூன்று தடவை செய்கிறேன். பஸ் ஏறிய பிறகு சந்தேகம் வந்து, இறங்கி, திரும்ப நடந்துபோய்க் கதவைத் திறக்கச் சொல்லிப் பார்க்கிறேன். வாசல்காரர், "மேடம், இங்கயே பாய் போட்டுருங்க"ன்னு கிண்டல் பண்ணுகிறார்.

தையற்காரர் கண் திறக்கவில்லை. குழாய் வழியாக மூச்சு போகிறது. நேற்று கண்ணாடி வழியாகப் பார்த்தேன். வலது கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து சேர்ந்து பிரிகின்றன. நர்ஸ், "நரம்பு துடிக்குது, வேற ஒண்ணுமில்ல"ன்னார். எனக்கு ஊசியில் நூல் கோப்பது போலத் தெரிந்தது.

அவருடைய அண்ணன் வந்திருக்கிறார். வரவேற்பறை நாற்காலியில் உட்கார்ந்தே இருக்கிறார். நான் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். "நல்லா இரும்மா"ன்னு வாங்கிக் குடித்தார். நான் யார் என்று அவருக்குத் தெரியாது. அந்த டம்ளரை மூன்று தடவை கழுவினேன்.

ஷீட்டின் பசி கூடிக்கொண்டே போகிறது. டீச்சருக்குக் கீழே ஒன்பதாம் தேதி ஒரு காவலாளியைச் சேர்த்தேன். உடனே டீச்சர் திரும்ப வந்தார், காவலாளி காணோம். இதுவரை புரிகிறது, எப்போதும் கடைசி ஆள்தான் போகிறார். ஆனால் பத்தாம் தேதி, மையத்துக்கு ஆறு வருஷமாக வந்த கண்டக்டர், வரவேற்பறையில் அப்பாவோடு சீட்டாடுவாரே, அவர் இறந்துவிட்டார். மறுநாள் பிரிண்ட் எடுத்தால் டீச்சர், காவலாளி இரண்டு பேரும் இல்லை. ஒப்பிட்டதால் கையால் எழுதிச் சேர்த்தேன். பட்டியலில் கடைசிப் பெயர் யார் தெரியுமா? தையற்காரர். வாசலில் காத்திருந்தபோது அவர் பெயர் இல்லை, வாயில் குழாயோடு கிடக்கும்போது இருக்கிறது. டிரைவர் என்னைப் பார்த்தார். பட்டியலை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார். ஏதாவது சொல்லியிருக்கலாம்.

பாஸ்வேர்டு என்னவாக இருக்கும் என்று அப்பாவின் பிறந்தநாள், உன் பிறந்தநாள், பழைய வீட்டு எண், நம் நாயின் பெயர், எல்லாம் போட்டுப் பார்த்தேன். மன்னித்துக்கொள்.

பெயர்களைத் தனித்தாளில் எழுதி இணைத்திருக்கிறேன். கண்ணாடிக் கடைக்காரர் முதல் காவலாளி வரை முப்பத்திரண்டு பேர். வரிசை மாற்றவில்லை.

வேறு என்ன செய்ய வேண்டும், சொல். எதுவாக இருந்தாலும் செய்கிறேன்.

அக்கா


மார்ச் 16

அக்காவுக்கு,

உன் தாளை என் கம்ப்யூட்டரில் அப்படியே ஏற்றி, அதே ஃபார்முலாவைப் போட்டுப் பார்த்தேன். முப்பத்திரண்டு பேரும் வருகிறார்கள். ஒருவர்கூட விடுபடவில்லை. மூன்று தடவை போட்டேன். உன் வியாதி எனக்கும் தொற்றிவிட்டது.

அந்த இரண்டாம் தாள் எப்படி வேலை செய்கிறது என்று சொல்கிறேன். நீ கேட்டதே இல்லை. அன்றைக்கு "எனக்கு எதுக்குடி அதெல்லாம், வேலை செஞ்சா சரி"ன்னுதான் சொன்னாய்.

நம் தெருவை நினைத்துக்கொள். புதுத் தபால்காரர் ஒருவரிடம், "முனை வீட்டிலிருந்து தொடங்குங்க, வரிசையா இத்தனை வாசல் தட்டுங்க"ன்னு சொல்கிறாய். அதுதான் ஆஃப்செட். ஒரு கட்டத்திலிருந்து தொடங்கி, சொன்ன எண்ணிக்கைக்குக் கீழே நீளும் ஒரு பட்டையை எடுத்துக் கொடுக்கும். எத்தனை வாசல் என்பதை நாம் எழுதிவைக்க முடியாது, ஆட்கள் கூடுவார்கள், குறைவார்கள். அதனால் தெருவில் எத்தனை வீட்டில் ஆள் இருக்கிறது என்று எண்ணிச் சொல்ல இன்னொருவரை வைத்தேன். அதுதான் கவுண்ட்ஏ. அவர் முப்பத்திரண்டு என்றால் தபால்காரர் முப்பத்திரண்டு வாசல் தட்டுவார். ஆள் கூடினால் பட்டை தானாக நீளும். நீ பார்த்து ஆச்சரியப்பட்டது இதைத்தான்.

இதில் ஒரே ஒரு ஓட்டை உண்டு. நடுவில் ஒரு வீடு காலியாக இருந்தால், எண்ணுகிறவர் அதை எண்ண மாட்டார். ஆனால் தபால்காரர் அந்தக் காலி வாசலையும் ஒரு வாசலாகத் தட்டிவிடுவார். எண்ணிக்கை ஒன்று குறைவாக இருப்பதால், கடைசி வீட்டுக்கு முன்பே நின்று திரும்பிவிடுவார். ஒரு காலி வீட்டுக்குக் கடைசியில் ஒரு ஆள் போவார். இரண்டு காலி என்றால் இரண்டு பேர்.

நீ சொன்ன அடையாளம் எல்லாம் இதோடு பொருந்துகிறது. ஆனால் நீ அனுப்பிய தாளில் காலி இடமே இல்லை. ஒன்று தாள் பொய் சொல்கிறது, இல்லை நீ சொல்கிறாய்.

திரையின் இடது ஓரத்தில் இயந்திரமே போட்டுவைத்திருக்கும் வரிசை எண்கள் இருக்கும். ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் அந்த எண் என்ன என்று பார்த்து எழுது. தலைப்புக்கு ஒன்று. முதல் பெயருக்கு இரண்டு இருக்க வேண்டும்.

இன்னொன்று. எழுதக்கூடாது என்று இருந்தேன். முதல் பெயர் கண்ணாடிக் கடைக்காரருடையது. அந்த இடத்தில் அப்பா பெயர் இருந்தது. நான்தான் என் கையால் அடித்தேன், "முதல் ஆள் நான்தானா?"ன்னு அவர் பெருமைப்பட்டார். எவ்வளவு சுலபமாக நீக்கியிருக்கிறாய். ஒரு நிமிஷம் ஆகியிருக்குமா?

சுண்டு


மார்ச் 21

சுண்டு,

தையற்காரர் பத்தொன்பதாம் தேதி காலையில் போய்விட்டார்.

நீ கேட்ட எண்கள்: கண்ணாடிக் கடைக்காரருக்கு மூன்று. அதிலிருந்து ஒழுங்காகப் போய் பதினெட்டு வரை. அடுத்த பெயருக்கு இருபது. காவலாளிக்கு முப்பத்தைந்து.

இரண்டு இல்லை. பத்தொன்பது இல்லை.

பதினெட்டாம் தேதி சாயங்காலம் உன் கடிதத்தைத் திரைக்கு முன்னால் வைத்துக்கொண்டு இதை எழுதினேன். எழுதி முடிப்பதற்குள் எனக்குத் தெரிந்துவிட்டது. மறுநாள் காலை அவர் இறந்த செய்தி வந்தபோது, யார் கை என்ற கேள்விக்குப் பதில் என்னிடம் ஏற்கெனவே இருந்தது.

நீக்கவில்லை, சுண்டு. அப்பாவுக்கு முன்னால் நாலு பேர் இறந்தார்கள். நாலு பேரையும் வரிசையோடு பிடித்து நீக்கினேன். மேலே இருக்கிறவர்கள் அப்படியே, கீழே இருக்கிறவர்கள் ஒரு படி ஏறிவிடுவார்கள். ஒரு நிமிஷம்கூட ஆகாது, நீ சொன்னது சரி. அப்பா போய் நாலாம் நாள் வேலைக்கு வந்தேன். பெயர் இருந்தால் வண்டி நம் வீட்டு வாசலில் நிற்கும் என்பதால் எடுத்தே ஆக வேண்டும். வரிசையைப் பிடித்தேன். நீக்கு என்பதை அழுத்த விரல் போகவில்லை. அழுத்தினால் கண்ணாடிக் கடைக்காரர் ஏறி அப்பா இடத்தில் உட்கார்ந்துவிடுவார். அந்த மனிதர் என்ன பாவம் செய்தார்? ஆனாலும் எனக்கு அவர்மேல் ஆத்திரம் வந்தது. அதனால் பெயரை மட்டும் அழித்தேன். இடத்தை விட்டுவைத்தேன். ஒரு கட்டம்தானே, யாருக்கு என்ன நஷ்டம் என்று நினைத்தேன்.

கண்டக்டர் போனபோது, அப்பாவுக்கு மட்டும் இடம் வைத்துவிட்டு அவரைத் துடைத்து எறிவது நியாயமில்லை என்று அவருக்கும் விட்டுவைத்தேன்.

உனக்குத் தாள் எழுதியபோது காலி இடங்களைத் தாண்டி எழுதினேன். ஏமாற்ற இல்லை. ஆள் இல்லாத இடத்தை எப்படி எழுதுவது? பேனா தானாகத் தாண்டிவிட்டது.

ஜனவரியிலிருந்து பிப்ரவரி வரை ஏன் தெரியவில்லை என்றும் புரிந்துவிட்டது. அப்போது கடைசியில் இருந்தது மகன் காரில் வருகிற அம்மா. வண்டிப் பட்டியலில் அவர் பெயர் இல்லாததை யாரும் கவனிக்கவில்லை. டிரைவர் மட்டும் ஜனவரியில் ஒருநாள் பட்டியலைக் காட்டி, "என்னம்மா, மொத வரியில முட்டை போட்டிருக்கீங்க? எனக்கு மார்க்கா?"ன்னார். காலிக் கட்டத்துக்கு அந்தத் தாள் பூஜ்யம் போட்டிருந்தது. நான் சிரித்தேன். அப்பா போன பிறகு நான் சிரித்தது அன்றைக்குத்தான். அந்த முட்டையை அன்றைக்கு உற்றுப் பார்த்திருந்தால் தையற்காரர் இன்றைக்குச் சட்டைக்குக் காஜா அடித்துக்கொண்டிருப்பார்.

இப்போது இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நீ கேட்டபோது "போன்ல சார்ஜ் இல்ல"ன்னேன். சார்ஜ் போனது நிஜம். ஆனால் அது சாயங்காலம் போனது. அப்பா போனது காலை பதினோரு மணிக்கு. பெரியப்பா, அத்தை, சித்தப்பா, மேல்வீட்டுக்காரர் என்று ஒவ்வொருவராகக் கூப்பிட்டேன். உன் பெயர் வரும்போதெல்லாம் அடுத்தவருக்குப் போனேன். உன்னிடம் சொல்வதுதான் எல்லாவற்றிலும் கஷ்டம். அதனால் உன்னைக் கடைசியில் வைத்தேன். அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

கடைசியில் வைத்தவர்களை நான் மறக்கவில்லை. அவர்களிடம் போய்ச் சேர்வதற்குள் நின்றுவிடுகிறேன். இரண்டு பேருக்கு அப்படிச் செய்துவிட்டேன்.

அக்கா


மார்ச் 24

அக்கா,

இதை விரைவுத் தபாலில் போடுகிறேன். விசாரணைக்கு முன்னால் கிடைக்க வேண்டும்.

முதலில் என் பங்கு. அந்த ஓட்டை எனக்குத் தெரியும். ஷீட் செய்த அன்றைக்கே தெரியும். கவுண்ட்ஏ வைத்துப் பட்டை போடுகிற எல்லோருக்கும் தெரியும். வேறு மாதிரி செய்யலாம், ஆனால் அரை நாள் கூட ஆகும். அக்கா பிளாஸ்டிக் உறையைக்கூட மடித்து வைக்கிறவள், ஒரு கட்டத்தையும் காலியாக விடமாட்டாள் என்று நினைத்து விட்டுவிட்டேன்.

உன் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் ஒரு குறிப்பு எழுதி வைத்தேனே, ஒன்பது வரி, இப்படிச் சேர், இப்படிப் பிரிண்ட் எடு என்று. அதில் பத்தாவது வரி ஒன்று இருந்திருக்க வேண்டும். 'யாராவது இறந்தால் பெயரை மட்டும் அழிக்காதே, வரிசையோடு நீக்கு, இல்லாவிட்டால் கடைசி ஆள் விடுபடுவார்.' எழுதப் பேனாவை வைத்தேன். அப்பா பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். "அப்புறம்? அடுத்து என்ன?"ன்னு கேட்டார். "அவ்வளவுதான்பா"ன்னு மூடிவிட்டேன். அப்புறம் உன்னிடம் தனியாகச் சொல்லலாம் என்று இருந்தேன். அப்புறம் என்பது வரவே இல்லை.

நீ எனக்கு ஒரு வரி சொல்லவில்லை. நானும் உனக்கு ஒரு வரி சொல்லவில்லை. உன்னைத் திட்டுவதற்கு இனி என்னிடம் ஒன்றும் மிச்சமில்லை.

கூட வைத்திருக்கும் தாள் விசாரணைக்கு. ஃபார்முலாவை எழுதியது நான், குறை தெரிந்தும் எச்சரிக்காதது நான் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன். கொடுத்துவிடு.

பாஸ்வேர்டு: அக்காதொடாதே. அன்றைக்கு வேடிக்கையாக வைத்தேன்.

உள்ளே போய்ப் பட்டையை நீட்டும் ஃபார்முலாவைத் திருத்து. இந்தக் கடிதத்தின் மூன்றாம் தாளில் எழுத்துக்கு எழுத்து எழுதியிருக்கிறேன், அப்படியே அடி. இனிமேல் எண்ணுகிறவர் வேண்டாம். பதிவு எண் பத்தியில், யாருக்குமே இருக்க முடியாத ஒரு ராட்சச எண்ணைத் தேடச் சொல்லியிருக்கிறேன். மேட்ச் என்கிற ஃபார்முலா அதைத் தேடிக்கொண்டே போய், கிடைக்காமல், கடைசி எண் இருக்கும் இடத்தில் நின்றுவிடும். அந்த இடத்தை இண்டெக்ஸ் என்கிற இன்னொன்றிடம் சொன்னால் அதுவரை பட்டை நீளும். நடுவில் எத்தனை காலி இருந்தாலும் கடைசி ஆள் விடுபட மாட்டார். அப்பா இடம் அப்படியே இருக்கலாம். யாரும் கீழே விழ மாட்டார்கள்.

போன வருஷமே இதைச் செய்திருக்கலாம். அரை நாள்.

சுண்டு


ஏப்ரல் 2

சுண்டு,

விசாரணை முடிந்தது. வேலையை விட்டு எடுத்துவிட்டார்கள். உன் தாளைக் கொடுக்கவில்லை, கோபித்துக்கொள்ளாதே. அதைக் கொடுத்திருந்தால், வெளியாள் செய்த தப்பு என்று ஒரு வரியில் முடித்திருப்பார்கள். நிர்வாகி அதற்குத்தான் காத்திருந்தார். நான் எட்டுப் பக்கம் எழுதிக் கொடுத்தேன். நடந்தது, எந்தத் தேதி, எந்த வரிசை, ஏன், எல்லாம். பத்தாவது வரியை மட்டும் எழுதவில்லை. அது அப்பாவுக்கும் நமக்கும் உள்ளது.

தையற்காரரின் அண்ணனையும் கூப்பிட்டிருந்தார்கள். நான் சொல்லி முடிக்கும்வரை கேட்டார். அவருக்கு எவ்வளவு புரிந்தது என்று தெரியாது. கடைசியில், "ஒண்ணு கேக்கலாமாம்மா?"ன்னார். "கேளுங்க"ன்னேன்.

"உங்கப்பா இடத்தைக் காலியா வச்சீங்க, சரி. என் தம்பி இடத்தையும் வைப்பீங்களா?"

கேலியாகக் கேட்கவில்லை. கோபமாகவும் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். நான் கொடுத்த தண்ணீர் அவருக்கு நினைவு வந்திருக்க வேண்டும். முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

சாவியை ஒப்படைப்பதற்கு முன்னால் அரை மணி நேரம் கேட்டு வாங்கினேன். உன் பாஸ்வேர்டை அடித்துத்தான் உள்ளே போனேன். தொட்டேன். நீ எழுதியதை எழுத்துக்கு எழுத்து அடித்தேன். பிரிண்ட் எடுத்தேன். முதல் வரியில் முட்டை, நடுவில் முட்டை, கடைசியில் காவலாளி. எல்லோரும் இருந்தார்கள். நீ சொன்னது போல அப்பா இடத்தை அப்படியே விட்டிருக்கலாம்.

விடவில்லை. முதலில் தையற்காரரின் வரிசையை நீக்கினேன். பிறகு கண்டக்டருடையது. பிறகு இரண்டாம் வரிசை. கண்ணாடிக் கடைக்காரர் ஏறி அங்கே உட்கார்ந்தார். உன் குறிப்பைக் கண்ணாடிக்கு அடியிலிருந்து எடுத்து, ஒன்பதாவது வரிக்குக் கீழே பத்தாவது வரியை எழுதிவைத்தேன். இப்போது தேவையில்லைதான். அடுத்து வருகிற பெண் என்னைப் போல ஒருத்தியாக இருந்தால்?

மூன்று நாளாக ஐந்தே முக்காலுக்கு எழுந்து காவலாளி வீட்டுத் தெருமுனைக்குப் போகிறேன். அதுதான் பட்டியலில் கடைசி வாசல். வண்டி வந்து நின்று, அவர் ஏறி, கதவு மூடும்வரை எதிர்ப்பக்கம் நிற்கிறேன். நேற்று டிரைவர் கண்ணாடியை இறக்கி, "ஏம்மா, சம்பளம் வாங்கறப்ப நேரத்துக்கு வந்ததில்ல, இப்ப வந்து நிக்கறீங்க"ன்னார். பிறகு, "நான் மறக்க மாட்டேம்மா. வீட்டுக்குப் போங்க"ன்னார். இன்றைக்கும் போனேன். எத்தனை நாள் போவேன் என்று தெரியவில்லை. அந்த வாசலில் யாரும் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை என்று பார்க்காமல் எனக்குச் சோறு இறங்குவதில்லை.

நேற்று மதியம் என் போனில் உன் எண்ணிலிருந்து ஒரு அழைப்பு வந்து, நான் எடுப்பதற்குள் நின்றுபோயிருந்தது. திரும்பக் கூப்பிடவில்லை. இந்தக் கடிதம் முதலில் உன்னிடம் வந்து சேரட்டும்.

வெள்ளிக்கிழமை காலை பதினோரு மணிக்குக் கூப்பிடுகிறேன். வேறு யாரையும் கூப்பிடுவதற்கு முன்னால் உன்னைத்தான் கூப்பிடுவேன். நீ எடுத்தால் நான் சொல்ல வேண்டியது ஒரே ஒரு வரி. அதை உனக்கு யார் யாரோ சொல்லிவிட்டார்கள். நான் இன்னும் சொல்லவில்லை.

அக்கா